நாலு விரக்கடை

எனக்கு ஸ்டாஃப் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னதும் அக்கா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டாள். நான் சொன்னது பொய் இல்லை. உயரம் அளக்கிறவர்கள் நிறுத்திப் பார்க்கிற, கோடு போட்ட நீளக் கோலுக்கு ஸ்டாஃப் என்றுதான் பெயர். அதை ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு நெட்டையான ஆள் தேவைப்பட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவனுக்கு, சும்மா நிற்பதில் என்ன கஷ்டம்?

எங்கள் ஊர் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி. கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொண்டால் மேற்கே கண்மாய்த் தண்ணீர் திரண்டு வரும், கிழக்கே கடல் அதை உள்ளே வாங்காது. நடுவில் நாங்கள். எந்த வீட்டுத் தரை எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் மழைக்கு யார் முதலில் கிளம்புவது, யார் வீட்டிலேயே இருக்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்யலாம். அதற்காகத்தான் ஒரு இன்ஜினியரம்மா முக்காலியும் கண்ணாடிக் கருவியுமாக வந்திருந்தார்.

இதில் ஊரிலேயே அதிக அக்கறை என் மச்சானுக்கு. அக்காவின் வீட்டுக்காரர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டது. வாசல் அறையில் உட்கார்ந்து செல்போன் பழுது பார்ப்பார். ஒவ்வொரு பெருமழைக்கும் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போவோம். இடதுபக்கப் பின்கால் எப்போதும் என் பொறுப்பு.

"நாலு பேரு தோள்ல ஒரு தடவதான் போகணும், மாப்ள. நான் மூணு தடவ போயிட்டேன்" என்பார்.

"நாலாவது தடவைக்கு மாலை வாங்கிட்டு வாரேன் மச்சான்."

சிரிப்பார். ஆனால் கட்டில் தெருவில் போகும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார். அது எனக்குத் தெரியும்.

போன மழையில் கூடத்தின் மேல்படி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது, உள்ளே ஏறவில்லை. வடிந்தபின் மச்சானைத் திரும்பக் கொண்டுவந்தால் வீட்டுத் தரை ஈரம். வாசல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது என்றது ஊர். ஓடு ஒழுகியது, வாசல் வழியாக ஒரு சொட்டுகூட வரவில்லை என்றார் மச்சான். அந்த வழக்கு அன்றிலிருந்து ஓடுகிறது. கூடத்துக்கு நாலு படி ஏற வேண்டும், அவர் வீட்டுக்கு ஒரே படி. யார் நம்புவார்கள்? ஒழுகிய ஓடுகளையும் மாற்றியாகிவிட்டது. கூடத்தைவிட வீட்டுத் தரை உயரம் என்று மட்டும் தெரிந்துவிட்டால் இனி அவர் கட்டிலில் போக வேண்டாம்.

அவர் வீட்டு முன்னாலேயே கருவியை நிறுத்தினோம். முதலில் தெருக்கோடியில் இருக்கும் கூடத்துக்குப் போய்த் தரையில் கோலை நிறுத்தினேன். கருவியில் கண் வைத்துப் பார்த்த இன்ஜினியரம்மா, "ஒண்ணு முப்பத்திரண்டு" என்று மீட்டர் கணக்கைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்து மச்சான் வீடு. செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு, வாசலில் நின்றபடியே நிலைப்படி மேல் கோலை வைத்தேன்.

"ஒண்ணு பதினஞ்சு."

உள்ளே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சானின் முகம் விழுந்துவிட்டது.

"ஏலே மாப்ள, அப்ப கூடந்தான் ஒசரமா?"

இங்கேதான் விஷயம். கருவி ஒரே மட்டத்தில் நேராகப் பார்க்கும். தரை தாழத் தாழ, கோலில் மேலே உள்ள எண் கண்ணுக்குப் படும். அதாவது எண் பெரிதானால் தரை பள்ளம். இது தெரிய எனக்கே இரண்டு நாள் ஆனது. நேற்றுகூட ஒருவர், தன் வீட்டுக்குத்தான் தெருவிலேயே பெரிய எண் என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். அவர் வீடு தெருவிலேயே பெரிய பள்ளம்.

சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"கணக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க. முப்பத்திரண்டு பெருசா, பதினஞ்சு பெருசா, நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். கொஞ்ச நேரம் தவிக்கட்டும், டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைப்பு.

டீக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மச்சான் திறந்த போனை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவிடம், "அந்தக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போடச் சொல்லு. போன தடவையே தொங்கிப் போச்சு. இந்த மழைக்கும் போகத்தான வேணும்" என்றார்.

வடையைத் தட்டிலேயே வைத்தேன். உண்மையைச் சொன்னேன். அக்கா கரண்டியைத் தூக்கினாள்.

"மனுசன் மத்தியானம் ஒரு வாய் சோறு திங்கல. ஒனக்கு வெளாட்டா இருக்கா? ஸ்டாஃப் வேலையாம் ஸ்டாஃப் வேலை!"

மச்சானோ என்னை நம்பவில்லை. "நீ ஆறுதல் சொல்ற. அந்தம்மாவக் கூப்பிடு" என்றார்.

இன்ஜினியரம்மா வந்தார். நோட்டைப் பார்த்தார். தம்பி சொல்வது சரிதான், சின்ன எண்தான் உயரம் என்றார். மச்சான் முகத்தில் பல் தெரிவதற்குள் அவர் கண் நிலைப்படிக்குப் போனது. "தம்பி, கோலை எங்க வச்சீங்க?"

"இங்கனதான் மேடம்."

"மத்த வீட்டுலயெல்லாம் தரை, இங்க மட்டும் நிலைப்படியா? உள்ள வைங்க, திரும்பப் பாக்கணும்."

நிலைப்படி தரையைவிட உயரம். என் சோம்பேறித்தனத்தால் கிடைத்த உயரம் அது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றினேன். வாழ்நாளில் அவ்வளவு நேராக நான் எதையும் பிடித்ததில்லை. அக்கா கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"ஒண்ணு இருபத்தி நாலு."

கணக்கில் கோட்டை விட்டவன் விரல் மடக்கிக் கழித்துப் பார்த்தேன். "எட்டு சென்டி ஒசரம் மச்சான்!"

"எட்டு சென்டின்னா எம்புட்டுடா?"

இன்ஜினியரம்மா நாலு விரலைச் சேர்த்துச் சுவரோரம் தரையில் படுக்கைவசமாக வைத்துக் காட்டினார். "நாலு விரக்கடை. தெருவே கூடத்துப் பக்கம் சரிவு, அதான் அங்க படி அதிகம். போன மழைத் தண்ணி உங்க வீட்டுக்குள்ள வந்திருக்க முடியாது. ஆனா அதைவிடப் பெரிய மழைன்னா கிளம்பித்தான் ஆகணும், சரியா?"

"அப்ப கூடமும் முழுகிரும்மா. ஊரையே கட்டில்ல தூக்கணும். நான் மட்டும் எதுக்கு மூஞ்சிய மூடணும்?" என்றார் மச்சான். பிறகு அக்காவிடம் சோறு கேட்டார்.

கார்த்திகையில் மழை வந்தது. தண்ணீர் மறுபடியும் கூடத்துப் படியில் ஏறத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் நாங்கள் நாலு பேரும் நனைந்துகொண்டே போய்க் கட்டிலுக்கு ஆளுக்கொரு காலைப் பிடித்தோம்.

"அங்கன போடு அத" என்றார் மச்சான். "எல்லாரும் கால கழுவிட்டு அதுமேல உக்காருங்க. டீ வருது."

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நானும் உட்காரப் போனேன்.

"ஏலே மாப்ள, நீ நில்லு. ஸ்டாஃப் நிக்கணும்ல, ஆடாம."

டீ வந்து, ஆறி, குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.