சிவந்துபோன கலியாணப் படம்

போன கிழமை மனைவி அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தாள். எனக்கு நினைவு வந்தது படச்சுருள். வீட்டில் ஓட்டிப் பார்க்கும் பழைய எட்டு மில்லிமீற்றர் படங்கள் கெடத் தொடங்கினால் டப்பாவுக்குள் இதே புளித்த மணம்தான் எழும். மோந்து பார்த்தே சுருளின் ஆயுளைச் சொல்லிவிடுவேன். ஊரில் யாரும் கேட்காத திறமை.

வெளிநாடு போய் வந்தவர்கள் கொண்டுவந்த அந்தப் படங்களைத் தேடி வாங்குவது என் பழக்கம். யுத்த காலத்தில் அவற்றைப் பஸ்ஸில் கொண்டுவருவதே பெரும்பாடு. வட்டத் தகர டப்பா என்றால் எந்தச் சோதனைச் சாவடிக்குச் சந்தேகம் வராது? ஒரு சிப்பாய் சுருளை அவிழ்த்து வெயிலில் பிடித்தான். கரடி சைக்கிள் ஓடுவதைக் கண்டு சிரித்தான். திரும்பச் சுற்றியது நான்தான். பஸ் முழுக்க என்னைத் திட்டியது.

கல்முனைக்குடி வியாபாரி ஒருவரிடம் புரொஜெக்டரையும் ஒரு பெட்டிச் சுருளையும் வாங்கினேன். ஒரு சுருளின் தொடக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மணப்பெண். அந்நியர் வீட்டுக் கலியாணம். மேற்கொண்டு பார்க்காமல் மூடி, அவரிடம் சொன்னேன்.

"எங்கட கலியாணந்தான். இரிக்கட்டும், பொறகு வந்து எடுக்கன்" என்றார்.

வரவில்லை. சுனாமி அவரையும் மனைவியையும், வீட்டிலிருந்த அல்பங்களையும் கொண்டுபோனது. அன்று அக்கரைப்பற்றில் இருந்ததால் தப்பிய மகள் பரீதா, அட்டாளைச்சேனையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"உம்மாட ஒரு படங்கூட இல்ல, காக்கா" என்றாள். வயதில் மூத்தவர்கள் என்பதால் நான் அவளுக்குக் காக்கா, என் மனைவி ராத்தா.

டப்பாவைத் திறந்தேன். புளிப்பு மூக்கில் ஏறியது. ஒரே ஒரு தடவைதான் ஓடும் என்றேன்.

"அது போதும். ஆனா நீங்க பாக்கப்படா. கோவிக்காதீங்க."

நியாயம், அவளுடைய உம்மாவை அந்நிய ஆண் பார்ப்பதா? மனைவி புரொஜெக்டருக்குப் பக்கத்தில். நான் கதவுக்கு வெளியே.

"சுருள மாட்டக்குள்ள மேலயும் கீழயும் ஒரு வளையம் உடு!" என்று மனைவிக்குக் கத்தினேன்.

"வளையம் உட இது என்ன முறுக்கா?"

ஒருவழியாக ஓடியது. உள்ளே பரீதா சிரித்தாள். "ராத்தா, உம்மா நடக்கிற நடயப் பாருங்களன்!" சட்டென்று புரொஜெக்டரின் சத்தம் மாறியது. சுருள் சிக்கிவிட்டது. நின்றால் விளக்குச் சூட்டில் பொசுங்கும்.

"காக்கா, உள்ளுக்கு வாங்க, எரிய உடாதீங்க!"

படம் விழுந்த சுவருக்கு முதுகைக் காட்டியபடி போனேன். வளையத்தைச் சரிசெய்ய எனக்குக் கண் தேவையில்லை. மீண்டும் ஓடியது. சுருள் முடியும்வரை அப்படியே நின்றேன். முடிந்தபோது ஓரத் துளைகள் எல்லாம் கிழிந்திருந்தன. சுருளை அவளிடமே கொடுத்தேன்.

யுத்தம் முடிந்த பிறகு டப்பாக்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. வாங்கத்தான் படங்கள் இல்லை. அந்த நாட்களில் பரீதா மறுபடி வந்தாள். அவளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள்.

"உம்மாட கூறைச் சீல நிறத்திலயே எடுக்கப் போறன். படத்தில செவப்புத் தெரிஞ்ச. செவப்புத்தானே, காக்கா?"

படத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்பவன் நான்.

"படத்தில வாப்பா போட்டிருந்த சேட்டு என்ன நிறம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் செவப்பு."

பழைய கலர்ப் படத்தில் மற்ற நிறங்கள் போய்ச் சிவப்பு மட்டுமே மிஞ்சும் என்று சொன்னேன். கூறை பச்சையாக இருந்திருக்கலாம். நீலமாகவும் இருந்திருக்கலாம். அந்தக் கலியாணத்துக்குப் போனவர்கள் கல்முனைக்குடிக் கடற்கரையில் வரிசையாகக் குடியிருந்தார்கள். சுனாமிக்கு முன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும்.

பரீதா சிவப்பே எடுத்தாள்.