காக்கை சுட நல்ல நேரம்

மார்சலிக்கு இருந்தவை பதினாறு தாய் ஆடுகள், ஆறு ஏக்கர் ஈர நிலம், கடலுக்குப் போய்த் திரும்பாத கணவனின் துப்பாக்கி. எங்கள் தீவில், பார்வல் ஊரின் மேற்குக் கோடியில் அவள் வீடு. அதற்கப்பால் அட்லாண்டிக் கடல்தான்.

1961 வசந்தத்தில் ஆடுகள் ஈனத் தொடங்கிய முதல் பத்து நாட்களிலேயே ஐந்து குட்டிகள் போயின. ‘போயின’ என்று எழுதிவிடுவது எளிது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தாய் ஆடு பாதி ஈன்ற நிலையில் படுத்திருந்தது. வெளியே வந்திருந்தது குட்டியின் தலை மட்டுமே. அந்தத் தலையில் கண்கள் இல்லை, நாக்கு இல்லை. ஆனால் உயிர் இருந்தது. கத்த முயன்றுகொண்டிருந்தது. பத்தடி தள்ளிக் கல்சுவரில், சாம்பல் உடம்பும் கருந்தலையுமாக இரண்டு காக்கைகள் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. மார்சலி குனிந்து குட்டியின் கழுத்தைத் திருகினாள். பிறகு நிமிர்ந்து, “மணி என்ன வாத்தியாரே?” என்று கேட்டாள்.

அவள் அப்படித்தான். அழுவதற்கு முன் மணி கேட்பாள். குட்டிகள் பிழைக்காவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு, துறைமுக ஊர்களில் கூலிக்கு மீன் அறுக்கப் போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

காக்கை சுட விடியற்காலையே சிறந்தது என்பது ஊரார் சொல். அவளும் சுவருக்குப் பின்னால் ஈரத்தில் படுத்துப் பார்த்தாள். காக்கைகள் வந்தன. ஆனால் தோட்டா எட்டாத தூரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, அவள் குளிரில் விறைத்து எழுந்து போகும்வரை காத்திருந்தன. மாலையிலும் அதே கதை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை காக்கை, எவ்வளவு நெருக்கத்தில் என்று கொட்டில் கதவில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை வரியைப் பாருங்க. பன்னெண்டு மணி.”

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஊர் முழுவதும் கறுப்பு உடுத்திக் கோயிலுக்குள் இருக்கும். ஈனும் ஆடுகளை விட்டு வரமுடியாமல் அந்த வாரங்களில் அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். எங்கள் ஊரில் ஓய்வுநாள் என்றால் ஓய்வுநாள்தான். உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோலுரித்து வைத்துவிடுவோம். கொடியில் துணி தொங்காது. யார் நினைவுக்கும் எட்டியவரை ஒரு ஞாயிற்றில் துப்பாக்கி வெடித்ததில்லை. நாங்கள் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காக்கைகள் இதைச் சாப்பாட்டு மணி என்று புரிந்துவைத்திருந்தன. அந்த ஒரு வேளையில் அவை பயமில்லாமல் ஆடுகளுக்கு நடுவே நடந்து திரிந்தன.

அடுத்த ஞாயிறு, நீண்ட ஜெபத்தின் நடுவில் இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. போதகர் நிறுத்தவில்லை. ஆனால் எனக்கு முன்னால் எல்லா முதுகுகளும் அசையாமல் இறுகியதை நான் பார்த்தேன்.

மறுநாள், சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான ஃபின்லே அவள் வாசலுக்கு வந்தார். அடுத்த நிலத்துக்காரர்.

“உனக்கு வெக்கமா இல்லையா மார்சலி?”

“பசு மடி கட்டிக்கிட்டா ஞாயித்துக்கிழமை பால் கறக்கறீங்களே மூப்பரே, அது?”

“அது இரக்கம்.”

“அப்ப ஆட்டுக்குட்டியோட கண்ணு?”

“வாயாடாதே. இன்னொரு தடவை நடந்தா சபைப் பேர்ல நீ இருக்கமாட்டே.”

அது வெறும் மிரட்டல் அல்ல. சபையில் பெயர் இல்லாதவளின் பட்டியில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். மேய்ச்சல் மலையிலிருந்து ஆடு இறக்குவதும் ரோமம் கத்தரிப்பதும் எங்கள் ஊரில் எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை. தனி ஆள் செய்ய முடியாது. மார்சலி துப்பாக்கியை மாட்டிவைத்தாள்.

ஆனால் காக்கைகளுக்கு அந்த ஒரு ஞாயிறே போதுமானதாக இருந்தது. அவள் நிலத்தை விட்டுவிட்டு ஃபின்லேயின் நிலத்தில் இறங்கின. அடுத்த ஞாயிறு அவருக்கு நான்கு குட்டிகள் போயின. அதற்கடுத்த சனிக்கிழமை நான் மார்சலி வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். தொப்பியைக் கழற்றினார், உட்காரவில்லை.

“நாளைக்கு நான் கோயில்ல இருப்பேன்.”

“எப்பவும் இருக்கீங்களே.”

“என் நிலத்துல அப்ப என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. படல் திறந்திருக்கும். அவ்வளவுதான் சொல்றேன்.”

“வாய் விட்டுக் கேளுங்க மூப்பரே.”

“கேட்டுட்டேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதை நம்பினேன். அவளும் நம்பினாள்.

“போகாதே மார்சலி” என்றேன், அவர் போனதும்.

“அவருக்காகவா போறேன்? அந்தக் குட்டிங்களுக்கு என்ன தெரியும், யார் மூப்பர்னு?”

மறுநாள் மூன்று வெடி.

வியாழக்கிழமை மூப்பர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதுகிறவன் நான். மார்சலி நின்றாள். “சுட்டாயா?” என்றார் போதகர். “சுட்டேன்” என்றாள். யார் நிலத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன்.

“ஃபின்லே கேட்டுக்கிட்டதாலதான் அவ போனா. நான் அங்கேயே இருந்தேன்.”

ஃபின்லே என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

“சுடச் சொன்னேனா? எனக்குத் தெரியாதுன்னுதானே சொன்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள்! இது பொய் அல்லவாம். வார்த்தைக்கு வார்த்தை உண்மையாம். பெயரை நீக்க யார் யார் சம்மதம் என்று போதகர் கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஃபின்லேயின் கையும் உயர்ந்தது. அது நடுங்கவில்லை. எத்தனையோ தேசங்களின் கொடுமைகளைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்த நடுங்காத கை போல எதுவும் என்னை உறையவைத்ததில்லை.

மார்சலி அவர் பக்கம் திரும்பினாள். “குட்டிங்க நல்லாயிருக்கா மூப்பரே?” என்று கேட்டாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். அன்றைய குறிப்பை நான் எழுதி முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறைக்குப் போகவும் இல்லை.

ஜூலையில் ஊர் கூடி மலையிலிருந்து ஆடு இறக்கியது. பட்டி பட்டியாகக் கத்தரித்துக்கொண்டே வந்த ஆண்கள் மார்சலியின் பட்டி வந்ததும் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு அடுத்த பட்டிக்குத் தாண்டினார்கள். நான் கால்களைப் பிடித்துக்கொள்ள அவள் தனியே கத்தரித்தாள். பதினாறு ஆட்டுக்கு இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு அந்த வேலை தெரியாது. இரண்டு ஆட்டுக்குக் காயம்பட்டது.

பக்கத்துப் பட்டியில் ஃபின்லேயின் பன்னிரண்டு குட்டிகள், இருபத்துநான்கு கண்களோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.