சுடாத பீரங்கியும் மாமாவின் பேர்சும்

நேர் வழியில் வீடு திரும்புகிற பழக்கம் என் சித்தப்பாவுக்குக் கிடையாது. ஆடி மாதம் புனித அன்னம்மாள் பெருநாள் வந்தால், மொன்றியலில் இருக்கும் எங்கள் சனம் கியூபெக் நகரத்துக்கு அப்பாலுள்ள பெரிய கோயிலுக்குப் புறப்பட்டுவிடும். பூசை கண்டு, மரநிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டு, பொழுதுபட ரொக்ஸ்பரோவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அந்த வருடம் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் எங்கள் வான் வண்டியை ஓட்டியவர் அப்பாவின் தம்பியான சித்தப்பா. பூசை முடிந்து திரும்பும்போது, பாலத்தைக் கடந்ததும் வீட்டுப் பக்கம் திருப்பாமல், ஆற்றின் மறுகரையிலிருந்த லெவி என்ற ஊருக்குள் வானை விட்டார்.

"பிள்ளையளுக்கு ஒரு சாமான் காட்டப்போறன், அண்ணி."

அம்மாவுக்கு அவருடைய சாமான்களைப் பற்றி நன்றாகத் தெரியும். போன வருடத்துச் சாமான் ஒரு தீக்கோழிப் பண்ணை. அங்கே ஒரு கோழி அம்மாவின் கைப்பையைக் கொத்தியிருந்தது.

இம்முறை அது ஒரு கோட்டை. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் புல் மேடு. உள்ளே போனால்தான் அகழியும், கல்லில் கட்டிய சுரங்க வழிகளும், எல்லாவற்றுக்கும் மேலே ஆற்றைப் பார்த்தபடி ஒரு ராட்சதப் பீரங்கியும் தெரிந்தன. என் எட்டு வயதுக் கண்ணுக்கு அது எங்கள் வானைவிட நீளமாக இருந்தது. அதன் வாய்க்குள் என் தம்பியின் தலை போகும் என்று சித்தப்பா சொன்னார். தம்பி சோதித்துப் பார்க்கப் போனான். அம்மா சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார்.

பழைய காலத்துப் படைவீரர்போலச் சிவப்புச் சட்டை போட்ட ஒரு வழிகாட்டி மாணவர் பிரெஞ்சில் விளக்கம் சொன்னார். எங்கள் நால்வரில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தவள் நான்தான் என்பதால், மொழிபெயர்க்கும் உத்தியோகம் எனக்கு. விக்டோரியா மகாராணி காலத்தில், அமெரிக்கர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில் இந்தக் கோட்டையைக் கட்டினார்களாம். அமெரிக்கர்கள் வரவேயில்லை. பீரங்கி ஒரு எதிரியைக்கூடச் சுட்டதில்லை. இப்போது அமெரிக்கர்கள் டிக்கெட் எடுத்து வந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பா புதிதாக ஒரு டிஜிட்டல் கமரா வாங்கியிருந்தார். என்னைத் தூக்கிப் பீரங்கியின் மேல் இருத்தினார். சிவப்புச் சட்டைக்காரர் தன் தொப்பியைக் கழற்றித் தம்பிக்கு வைத்துவிட்டார். தம்பி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். என் வாழ்நாளில் அவ்வளவு உயரத்தில் நான் இருந்ததில்லை. பெருமை தாங்க முடியவில்லை.

"இதை மாமாவுக்கு அனுப்புவம்" என்றேன்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மன்னாரில் இருந்தார். எங்களை நேரில் கண்டதேயில்லை. அன்னம்மாள் பெருநாளுக்கு நாங்கள் எடுக்கும் படத்தை அம்மா ஒவ்வொரு வருடமும் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "தம்பி, உந்தப் படத்தை அழியுங்கோ" என்றார் சித்தப்பாவிடம்.

"ஏன் அண்ணி? வடிவாத்தானே வந்திருக்கு."

"அவன் பேர்சுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிவான்."

இலங்கையில் சமாதானம் முறிந்து போர் மறுபடி தொடங்கிய வருடம் அது. மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு வேலைக்குப் போய் வருகிற மாமா வழியிலுள்ள ஒவ்வொரு இராணுவச் சோதனைச்சாவடியிலும் காசுப் பேர்சைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே வெளிநாட்டில் எடுத்த ஒரு படம். பீரங்கிமேல் ஒரு பிள்ளை, படைத்தொப்பியோடு சல்யூட் அடிக்கும் இன்னொரு பிள்ளை. விக்டோரியா மகாராணியின் கதையை அங்கே நின்று கேட்பதற்கு யாருக்குப் பொறுமை இருக்கும்? அதைவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் புலியென்று சந்தேகித்து ஆட்களை வாகனத்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது, என் மொழிபெயர்ப்பு அம்மாவுக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, இது ஒருநாளும் சுடேல்லையாம். அந்த அண்ணா சொன்னவர்."

"இஞ்சை எல்லாருக்கும் தெரியும். அங்கை ஆருக்குத் தெரியும்?"

எதற்கும் பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிற சித்தப்பா அன்று பகிடி விடவில்லை. "ஒண்டையெண்டாலும் இஞ்சை வைச்சிருப்பமே?" என்று மட்டும் கேட்டார். "மாறி அதை அனுப்பிப்போட்டால்?" என்றார் அம்மா. சித்தப்பா ஒவ்வொன்றாக அழித்தார். அம்மா அவர் தோளோடு நின்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு அம்மாவைப் பிடிக்காமல் போன நாள் அது.

பிறகு அம்மா எங்களைக் கோட்டைக்கு வெளியே கூட்டிப்போய், என் தலையை இழுத்து வாரி, புல் மேட்டின் முன்னால் நிறுத்தினார். கல் தெரிகிறது என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். அகழியின் ஓரம் தெரிகிறது என்று இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார். கடைசியில் இரண்டு பிள்ளைகளும் புல்லும் மட்டும் மிஞ்சிய ஒரு படம் கிடைத்தது. அதில் என் கண் வீங்கியிருந்தது.

இலைகள் நிறம் மாறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா டெலிபோன் கார்ட் போட்டு மன்னாருக்கு எடுத்தபோது மாமாவின் குரல் வந்தது.

"படம் கிடைச்சது. பேர்சுக்கைதான் வைச்சிருக்கிறன். என்ன மருமகள், கனடாவிலை புல்லுத்தான் கிடக்கோ?"

பீரங்கி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா பக்கத்திலேயே நின்று விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

"ஓம் மாமா, நல்ல புல்லு" என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கார்ட்டில் காசு முடிந்து பேச்சு நின்றதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "ஏன் என்னைச் சொல்ல விடேல்லை?"

"மாமா ஒவ்வொரு நாளும் றோட்டாலை போய் வாற ஆள், பிள்ளை."

அது எனக்கு உடனே விளங்கியது. வீதியை எப்படிக் கடப்பது என்று பள்ளிக்கூடத்தில் அந்த வாரம்தான் படிப்பித்திருந்தார்கள். அன்று பின்னேரம் செபமாலை முடிவில் என் மன்றாட்டு முறை வந்தபோது, மாமா றோட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும் என்று மாதாவிடம் உரத்துக் கேட்டேன். என் மன்றாட்டுகளுக்கு வழக்கமாகச் சிரிக்கிற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரையும் முந்தி அம்மா ஆமென் சொன்னார், குரல் உடைந்து. மன்னாரில் வாகனங்களை அவ்வளவு மோசமாக ஓட்டுகிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.