புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு திருவிருந்து

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளானில் பஸ் ஏறினேன். கோலசிலாங்கூர் அங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் இரண்டு வெள்ளிக்குள், அதாவது இரண்டு ரிங்கிட்டுக்குள். காப்பார், ஜெராம் தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள்தான். மடியில் சபை கொடுத்த தடித்த ஃபைல். அட்டையில் 'சீஷத்துவப் பயிற்சி' என்று தங்க எழுத்து. ஹோட்டலில் இரண்டு நாள் முகாம் நடத்தி, எங்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்திருந்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் சபைக்குக் கிளை ஆலயம் உண்டு. பலகைச் சுவர், தகரக் கூரை. போதகர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அப்பம் பிட்டுத் திருவிருந்து கொடுப்பார். அங்கே டிராக்டர் ஓட்டும் டானியல், மாரியம்மன் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுத்துப் போனார் என்று புகார். ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னும் நின்று, செய்தது தப்பு என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திருவிருந்து கிடையாது, சபைப் பதிவேட்டிலிருந்து பெயரையும் நீக்கிவிடுவார்கள். முந்தின நாளே போய் அவரைச் சம்மதிக்க வைப்பது என் வேலை. சபைக் கமிட்டியில் முரட்டு வாய் எனக்குத்தான்.

கோலசிலாங்கூரில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் தமிழர், நெற்றியில் விபூதி.

"தோட்டத்துல யார் வீட்டுக்கு அண்ணே?"

"டிராக்டர் டானியல்."

"தண்ணி டானியலா? திருவிழா அன்னிக்கு மாலை போடலாம்னு கூப்பிட்டோம். ஓடிப் போயிட்டாரு லா. மாலை போட்டா சர்ச்சுல திட்டுவாங்களாம்."

"போடாட்டியும் திட்டுவாங்க," என்றேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஓரத்து வீடு டானியலுடையது. அவர் மனைவி எஸ்தர் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். டானியல் குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஏன் போனீங்க?"

"பம்பு கெட்டுப் போச்சு அண்ணே. கோயில்ல அவ்வளவு சனம், கைப்புள்ளைங்க வேற. சோறாக்கக்கூடத் தண்ணி இல்ல. தொட்டி இழுக்கிற வண்டி ஒண்ணுதான். நான் ஓட்டலேன்னா யாரு ஓட்டுவா?"

"சரி. வண்டிக்குக் குங்குமம் வச்சு மாவிலை கட்டினாங்களே, அதை ஏன் விட்டீங்க?"

"கட்டினது பக்கத்து வீட்டு ஆளு. அவர் கண்ணு முன்னாலயே பிச்சுப் போடவா? மழை பேஞ்சா போயிரும்னு விட்டேன். போயிருச்சு."

எஸ்தர் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்கம்மா செத்தப்ப பெட்டி தூக்கினது அந்தக் கோயில் ஆளுங்கதான். பாஸ்டர் வந்தது மறுநாள் சாயந்தரம். இதுக்கு உங்க ஃபைல்ல ஏதாச்சும் பக்கம் இருக்கா அண்ணே?"

நான் மடியிலிருந்த ஃபைலைத் தரையில் வைத்தேன். அவர் சுடு பானையை அந்த ஃபைல்மேலேயே வைத்தார். நான் தடுக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, சபைச் செயலாளரின் புது புரோட்டான் சாகா காரில் போதகர் வந்து இறங்கினார். செம்மண் பட்ட காலணியை ஆலய வாசலில் தேய்த்துத் துடைத்தார். உலகத்தைவிட்டுப் பிரிந்து நிற்பவனே சீஷன் என்று நெடுநேரம் பிரசங்கம் செய்தார். யாருக்குச் சொல்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். முடித்ததும் டானியலை முன்னால் கூப்பிட்டார்.

டானியல் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"தண்ணி கேட்டாங்க, கொண்டு போனேன் பாஸ்டர். அது தப்புன்னு சொன்னா பொய்யாயிரும். பொய் சொல்லிட்டு எப்படி அப்பத்துக்குக் கையை நீட்டுறது?"

"அப்படின்னா உங்களுக்கு இங்கே பங்கில்லை."

டானியல் தலையசைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்ததால் அவர் முதுகு எல்லாருக்கும் தெரிந்தது.

திருவிருந்து தொடங்கியது. முன்னால் முழங்காலிட்டவர்களின் உள்ளங்கையில் போதகர் அப்பத்துண்டை வைத்துக்கொண்டே போனார். எஸ்தர் வாங்கினார், வாயில் போடவில்லை. எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்.

"எஸ்தர், அதை இங்கேயே சாப்பிடணும்."

"எங்க வீட்டுல எதுன்னாலும் பாதி பாதிதான் பாஸ்டர்."

படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை இரண்டாகப் பிட்டார். டானியல் வாங்குவதற்குமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எஸ்தருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த இரண்டு பெண்களும் தங்கள் அப்பத்தோடு வெளியே போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பிள்ளைகளின் கல்யாணம் இருக்கிறது, சாவு இருக்கிறது. நான் என் துண்டோடு படிக்கட்டுக்குப் போனேன். போதகர் பாத்திரத்தை வெள்ளைத் துணியால் மூடினார். காரில் இடமிருந்தும் என்னைக் கூப்பிடவில்லை.

பெரிய சாலைவரை டானியல் என்னை டிராக்டரில் கொண்டுவந்து விட்டார்.

"என் பேரை எடுத்துருவாங்களா அண்ணே?"

"எடுத்துருவாங்க."

"எஸ்தர் பேரையுமா?"

"முதல்ல அவங்க பேரைத்தான்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அதுவரை அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்க்கவில்லை. "அவ ஞானஸ்நானம் வாங்கினது அங்கதான். ஆலயத்தைக் கூட்டுறது, விளக்குத் துடைக்கிறது, எல்லாம் அவதான்," என்றார். பிறகு, "வர்ற வாரமும் கூட்டத்தான் போவா. பேரில்லேன்னா விளக்குமாத்தைப் பிடுங்குவாங்களா?" என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது.

கமிட்டியில் நான் மேசையைத் தட்டிப் பேசினேன். பலனில்லை; இரண்டு பெயர்களையும் நீக்கினார்கள். அந்த இரண்டு பெண்களையும் என்னையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அடுத்த திருவிருந்து கிள்ளானில், எங்கள் பெரிய ஆலயத்தில். மின்விசிறிகள் சுழன்றன, பளிங்குத் தரை குளிர்ந்தது. அப்பம் என் கைக்கு வந்தது. பாதி கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். படிக்கட்டில் யாரும் இல்லை. எங்கள் படிக்கட்டில் யாரையும் நாங்கள் உட்கார விடுவதில்லை.