பால்கனிக்கு ஒரு கிரில்

கிள்ளான் காப்பார் சாலையில் இராமலிங்கம் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கிரில் லிங்கம் என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். வாசல் கிரில், ஜன்னல் கிரில், பால்கனி கிரில் என்று முப்பத்தெட்டு வருஷமாக இரும்பை வெட்டி வளைத்து ஒட்டிக்கொண்டிருக்கிற மனுஷன். திருடனுக்குப் பயந்து கிரில் போடாத வீடு நம் ஊரில் ஏது? ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தில் ஏழு இரும்பைப் பற்றி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாயைத் திறந்து கொட்டிவிட்டார், அதுவும் பெற்ற மகளைப் பார்த்து. ஷாமினி அவருக்கு ஒரே பிள்ளை. சுங்கை பூலோவில் இருக்கும் தன் அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பதாக, அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இவர் வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். யாரைக் கேட்டுக் கொடுத்தார்? பெண்டாட்டி தனலெட்சுமியைக் கேட்டாரா, மகளைக் கேட்டாரா? ஒருத்தரையும் கேட்கவில்லை. அவள் படித்து, கோலாலம்பூரில் வேலைக்குப் போய், கூட வேலை செய்த முகுந்தனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். "அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? போறதுன்னா போ. இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றுவிட்டார். கல்யாணம் பத்துமலையில் நடந்தது. தனலெட்சுமி தனியாகப் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தாள். இவர் பட்டறையில் யார் வீட்டு நாய்க்கூண்டுக்கோ சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்கா மகன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? ஆறே மாதத்தில் ஜொகூரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று இருக்கிறான். அக்காவும் "அட, விடுடா தம்பி" என்று சொல்லி முடித்துவிட்டாள். வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவர்தான். தப்பு தன் பேரில் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதைப் போய் மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. போனை எடுப்பார், பேர் தேடுவார், வைத்துவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வாட்சாப்பில் அவள் குரல் வந்தது.

"அப்பா, ஷாமினி பேசுறேன்." குரலைக் கேட்டால் தெரியாதா, பேர் சொல்கிறாள் பாருங்கள்! "பால்கனிக்கு ஒரு கிரில் வேணும்பா. சின்னதா இருந்தா போதும். வர்ற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு காலையில எடுத்துட்டு வந்துடுங்க. நீங்களே பாத்து நல்லதா எடுங்கப்பா. இரும்பு பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்?"

நாலு தடவை கேட்டார். ஐந்தாவது தடவை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். 'ஓக்கே' என்று மட்டும் பதில் போட்டார்.

அளவெல்லாம் கேட்கவே தேவை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அவள் இருக்கும் அதே அடுக்குமாடிக் காண்டோவில் பதினோரு வீட்டுக்கு இவர் கிரில் போட்டிருக்கிறார். எல்லா பால்கனியும் ஒரே அளவுதான். பதினாலாவது மாடியில் மகள் இருப்பது தெரிந்தும், பன்னிரண்டாவது மாடி வரை போய் வேலை செய்துவிட்டு இறங்கி வந்த மனுஷன் இவர். வந்த ஆர்டரை எல்லாம் தள்ளி வைத்தார். கம்பிக்குக் கம்பி இடைவெளி அளந்து, நடுவில் கொடியும் இலையுமாக ஒரு வேலைப்பாடு வைத்து, ஒட்டின இடம் தெரியாமல் தேய்த்து, மூன்று கை சாயம் அடித்தார். தனலெட்சுமி கேட்டதற்கு "ஆர்டர்" என்றார். திடீரென்று கொண்டுபோய் நிற்கவேண்டும் என்று ஆசை. ஒரு முனையை மகள் பிடித்துக்கொள்வாள், இவர் சுவரில் ஓட்டை போடுவார். அந்தச் சத்தத்தோடு சத்தமாக, "கல்யாணத்துக்கு வராதது என் தப்புதாம்மா" என்று சொல்லிவிடலாம். கையில் வேலை இருந்தால் அவருக்கு வாய் கொஞ்சம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, லோரியில் கிரிலை வைத்துக் கட்டி, கீழே நிறுத்திவிட்டு, டிரில்லும் கையுமாகப் பதினாலாவது மாடிக்குப் போய் மணி அடித்தார். கதவைத் திறந்தவள் ஷாமினி. கொஞ்சம் மெலிந்திருந்தாள். உள்ளே தனலெட்சுமி, முந்தின நாளே வந்துவிட்டவள், ஒரு பெரிய சட்டியில் கோழித் துண்டுகளுக்கு மசாலா பிசைந்துகொண்டிருந்தாள்.

"வாங்கப்பா" என்றவள் அவர் கையைப் பார்த்தாள். "டிரில் எதுக்குப்பா?"

"பின்னே சுவத்துல எப்படி மாட்டுறது?"

"எதை?"

"கிரில். லோரியில இருக்கு. வா, ஒரு கை பிடி."

அவள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா அவளைப் பார்த்தாள். சோபாவில் இருந்து முகுந்தன் எழுந்துவிட்டான். "ஐயோ அப்பா!" என்று ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சொன்னது கோழி சுடுற கிரில்பா! பார்பிக்யூ! சாயந்தரம் ஆபீஸ் கூட்டாளிங்க எல்லாரும் வராங்க. பால்கனியில வச்சுச் சுடலாம்னு..."

கிரில்காரர் மகள் வாயிலேயே கிரில் வேறு சாமானாகிவிட்டது. இவர் பட்டறையில் இரும்புத் தூள் பறக்கப் பறக்க வளர்ந்த பிள்ளை! குத்தம் யார் மேல் சொல்வது? அவள் அலுவலகத்தில் கிரில் என்றால் கோழிதான், இவர் உலகத்தில் கம்பிதான்.

ஷாமினிக்குச் சிரிப்பு வந்து, அடங்கி, முகம் எப்படியோ போய்விட்டது. இவரும் சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? காது மடல் இரண்டும் சுட்டன. "அதனால என்ன, இப்பவே போய் வாங்கிட்டு வந்துடறேன். கடை எங்கே?" என்றார்.

"நான் வரேன் அங்கிள்" என்றான் முகுந்தன்.

அங்கிள்! மாமா என்று கூப்பிட இவர்தான் இடம் கொடுக்கவில்லையே, அவனைச் சொல்லி என்ன? டிரில்லைச் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவன் காரில் ஏறினார்.

பழைய கிள்ளான் சாலையில் கூடாரம், மடக்கு நாற்காலி எல்லாம் விற்கிற கடை. உள்ளே போனதும் ஒரு சுவர் முழுக்க அடுப்பு. சாமி சத்தியமாக அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மேசை மேல் வைக்கிறது, கால் மடக்குகிறது, மூடி உள்ளது, மூடி இல்லாதது. ஸ்பிரே டப்பா மாதிரி ஒரு சின்ன கேஸ் டின்னைச் சொருகுவது ஒரு வகை, வீட்டுச் சமையலுக்கு வைக்கிற பெரிய கேஸ் தோம்போடு குழாய் மாட்டுவது இன்னொரு வகை. ஒன்றில் கம்பித் தட்டு, ஒன்றில் தோசைக்கல் மாதிரி மொழுமொழுவென்று. கடைக்காரப் பெண் பின்னாலேயே வந்து, இது எத்தனை பேருக்குக் காணும், கொழுப்பு எங்கே வடியும், காத்து அடித்தால் எது அணையாது என்று மலாய் மொழியில் பொரிந்து தள்ளினாள். இவர் தலையை ஆட்டினார். காதில் ஒன்றும் ஏறவில்லை.

தெரிந்ததைச் செய்தார். ஒவ்வொன்றின் மூடியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கவிழ்த்து ஒட்டு எப்படி இருக்கிறது என்று தடவினார். "தகடு சும்மா காயிதம் மாதிரி இருக்கு" என்றார். கடைசியில் ஓரத்தில் இருந்த ஒரு பெரிய அடுப்பின் முன் போய் நின்றுவிட்டார். வார்ப்பிரும்புக் கம்பி, இரண்டு வரிசை நெருப்பு, நாலு கால். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

"இதை எடுப்போம். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் தாங்கும்."

முகுந்தன் நெற்றியைத் தடவினான். "இல்ல அங்கிள், இது தோம்புல எரியுறது. காண்டோல தோம்பு விடமாட்டாங்க. காவலுக்கு நிக்கிற ஜாகா கீழயே மறிச்சிடுவான். தூக்கிட்டுப் போற மாதிரி ஒன்னு பாப்போமே."

"பால்கனியில வைக்கிறதை எதுக்குத் தூக்கிட்டுப் போகணும்?"

அவன் சின்னதாக ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது தூக்க முடியுதா பாருங்க. ஆன்டி தூக்குவாங்களா?" என்றான். இன்னொன்றைக் காட்டி, "உங்க வீட்டுப் பின்பக்கம் இதை வைக்க இடம் இருக்குமா?" என்றான்.

இவருக்குச் சுருக்கென்றது. "என்னை ஏன்யா கேக்குற? உன் வீட்டுக்குத்தானே வாங்குறோம்? எனக்கு வயசாயிடுச்சுன்னு குத்திக் காட்டுறியா?"

"ஐயோ, அப்படி இல்ல அங்கிள்." பையன் விலைச்சீட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மறுபடியும் அந்தச் சுவரை ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கோலாலம்பூரில் பாதி ஜன்னலுக்குக் கம்பி போட்ட மனுஷனுக்கு, கோழி சுட ஓர் அடுப்பு எடுக்கத் தெரியவில்லை. மகள் இரண்டு வருஷம் கழித்து வாய் திறந்து கேட்ட முதல் சாமான். இதிலும் கோட்டை விட்டால் இனி எதைக் கேட்பாள்? "நீயே சொல்லுய்யா. எனக்குப் புரியல" என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டார்.

"நீங்க எடுத்ததுன்னு சொன்னாத்தான் அவளுக்குச் சந்தோஷம் அங்கிள்" என்றான் முகுந்தன். அதைக் கேட்டு இன்னும் பயம் கூடிவிட்டது.

கடைசியில் கேஸ் டின்னிலும் எரியும், குழாய் மாட்டினால் வீட்டுத் தோம்பிலும் எரியும் என்ற நடுத்தரமான ஒன்றை எடுத்தார்கள். கடைக்காரப் பெண்ணே தலையிட்டு முடித்து வைத்தாள் என்று சொல்லவேண்டும். திரும்பி வரும்போது காருக்குள், மருமகனிடமாவது ஒரு வார்த்தை மன்னிப்பாகச் சொல்லலாம் என்று இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அவன் ஏசி குளிர்கிறதாக்கும் என்று நினைத்துக் குறைத்து வைத்தான்.

சாயந்தரம் ஆறு மணிக்குக் கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். பால்கனியில் அடுப்பை வைத்து, குமிழைத் திருகியதும் டக்கென்று பற்றிக்கொண்டது. யாரும் சொல்லாமலே இவர் போய் இடுக்கியை எடுத்துக்கொண்டார். நெருப்பு அவருக்குப் பழக்கம், மனிதர்கள்தான் பழக்கமில்லை. கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே உள்ளே பார்த்தார். மகள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் தனக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை தோறும் வரலாம், அடுத்த வாரம் இறால் வாங்கி வரலாம் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. இன்றைக்கு ராத்திரி எல்லாரும் போனபிறகு அந்த வார்த்தையைச் சொல்லியே தீருவது என்று தீர்மானித்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து வெகுநாளாயிற்று.

தட்டோடு வந்து நின்ற ஒரு பெண், "அங்கிள், சூப்பரா இருக்கு லா! ஷாமினி போயிட்டா உங்களுக்குக் கஷ்டம்தான் இல்ல? பரவால்ல, ஆஸ்திரேலியா, பெர்த் தானே, பிளேன்ல ஆறு மணி நேரத்துல போயிடலாம்" என்றாள்.

"யாரு போறா?"

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போய்விட்டது. "சாரி அங்கிள்" என்று உள்ளே ஓடினாள். அடுத்த நிமிஷம் ஷாமினி வந்து, கண்ணாடிக் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள்.

"அப்பா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அப்பாகிட்ட நானே சொல்றேன், நீ சொல்லாதேன்னு அம்மாகிட்டகூடச் சொல்லி வச்சிருந்தேன். காலையில நீங்க டிரில்லோட வந்து நின்னீங்களா, எனக்கு வாயே வரலப்பா."

அவர் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அங்க வேலை கெடைச்சிருக்கு. எனக்கும் பாத்துக்கலாம். வீட்டுச் சாமானெல்லாம் வித்தாச்சு, அடுத்த வாரம் வந்து எடுத்துப்பாங்க. இந்த வீடும் வாடகைதானே, சாவி குடுக்கணும். இந்த அடுப்பு உங்களுக்குத்தான்பா. நாங்க போனப்புறம் நீங்களும் அம்மாவும் பின்பக்கம் வச்சு, ஞாயித்துக்கிழமையானா ஏதாவது சுட்டுச் சாப்பிடணும். நான் வீடியோ கால்ல வருவேன். அதான் நீங்களே பாத்து எடுக்கட்டும்னு நெனச்சேன். நீங்க எடுத்ததுன்னாத்தான் தொடுவீங்க."

"எப்போ?"

"பதினாலாந்தேதி."

பதினெட்டு நாள் இருந்தது. போகாதே என்று சொல்ல அவருக்கு என்ன வாய் இருக்கிறது? போ என்று சொன்னவர்தானே இவர்? இரண்டு வருஷம் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டியிருந்தால் திறந்திருப்பாள். காலையில் திறந்தாளே! எழுநூறு நாளைத் தானே வாரிக் குப்பையில் கொட்டிவிட்டு, இப்போது பதினெட்டு நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். இடுக்கியால் ஒரே துண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார்.

"ஏதாவது பேசுங்கப்பா. திட்டவாவது திட்டுங்க."

"கோழி கருகுது" என்றார். "தட்டு எடுத்துட்டு வா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தட்டை எடுத்து வந்து நீட்டினாள். இடுக்கியை வைத்துவிட்டு, தட்டைப் பிடிக்கிறவர்போல் அவள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். "விடுங்கப்பா, பாக்குறாங்க" என்றாள் ஷாமினி. அவரால் விட முடியவில்லை.