மேடையில் மழை பெய்த ஞாயிறு

அறுபதுகளின் தொடக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடகத்தின் மாலைக் காட்சி. என் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தில் பதினொரு காட்சிகள், பதினான்கு பாடல்கள், மேடைக்கு முன்னால் பள்ளத்தில் அமர்ந்த வாத்தியக்காரர்கள் ஒன்பது பேர் என்று எழுதியிருக்கிறேன். பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆனால் நாங்கள் தீவின் வடகோடியில் இருந்த செம்பவாங்கிலிருந்து பஸ் ஏறிப் போனதே பெண் பார்க்கத்தான். வீட்டுக்கு வரவழைத்து இரு தரப்பும் சங்கடப்பட வேண்டாம், நாடகக் கொட்டகையில் ஒரே வரிசையில், நடைவழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. நாடகக் குழு சென்னையிலிருந்து கப்பலில் வந்திருந்தது. நான் அதுவரை பார்த்தவை கப்பல்பட்டறைச் சங்கத்தார் இரண்டு திரைகளை வைத்துப் போட்ட நாடகங்கள்தான்.

மூன்றாவது காட்சியில் கதாநாயகி பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் மழை பெய்தது. நிஜத் தண்ணீர்.

இடைவேளையில் அக்கா, "நீலச் சேலை. பாத்தல்ல?" என்றார்.

"இல்லக்கா. அந்த மழைய எப்படி வரவெச்சாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப மழைக்கே தாலி கட்டிரு லா," என்றார் அத்தான்.

அடுத்த பாதியில் பார்த்துவிடுவது என்று உறுதியாக இருந்தேன். திரை விலகியதும் அரண்மனை ஒன்று சக்கரத்தில் உருண்டு வந்தது. விளக்குகள் எரிந்தபோது நடைவழிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலிகள். அவர்கள் குவீன்ஸ்டவுன் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தரகர் வந்தார். "பொண்ணோட அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி. பையன் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல, இந்தக் காலத்துல இப்படி ஒரு ஒழுக்கமான்னு கேக்கறாரு."

அக்காவுக்குச் சிரிப்பு. எனக்கோ மனம் ஒப்பவில்லை. ஒரு பொய்யை வைத்து ஒருவர் மகளைத் தருகிறார். நான் முகமும் பார்க்காமல் சம்மதம் சொல்ல வேண்டும். நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லிக் கெடுத்துக்கோ," என்றார் அக்கா.

அடுத்த ஞாயிறு குவீன்ஸ்டவுனில், மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். "ஒழுக்கமெல்லாம் இல்லைங்க. நாடகத்துல மூழ்கிட்டேன். பாக்கவே மறந்துட்டேன்."

அவர் காப்பியைக் கலக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். இனி எழுந்து விடைபெறுவதுதான் என்று நினைத்தேன்.

அடுக்களை வாசலில் நின்ற பெண் கேட்டார்: "எங்க பக்கம் தூண் மறைச்சிருச்சு. பாதி மேடை தெரியல. மழை எங்கேருந்துங்க வந்துச்சு?"

அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மேலே தகரக் குழாய் ஒன்று, அதில் வரிசையாக ஓட்டைகள் என்று தொடங்கினேன். அவருடைய அப்பா நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.