முந்திரிக் காட்டில் நாற்காலி

முழங்காலில் சின்னத் துளைகள் போட்டு, கிழிந்த சவ்வைச் சரிசெய்து மாதங்கள் ஆகியும் வலி விடவில்லை. கதை எழுதுகிறவன் நான்; நடந்தால்தான் எனக்கு வாக்கியம் வரும். நடை, எழுத்து இரண்டுமே நின்றுபோயிருந்தன.

பெரம்பலூரில் அறுவை செய்த டாக்டரே மூட்டுக்குள் ஊசி போட்டார்.

"மரப்பு மருந்தும் சேத்திருக்கேன் சார். சாயங்காலம் வரைக்கும் வலி தெரியாது. குணமாயிட்டுன்னு நெனச்சுடாதீங்க. வீக்கத்துக்குப் போட்ட மருந்து வேல செய்ய சில நாள் ஆவும். அதுவரைக்கும் குந்தாதீங்க. இத அடிக்கடி போட முடியாது. இதுவும் கேக்கலன்னா மறுபடி தொளதான்."

தலையாட்டினேன். அரியலூரில் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியவன், சிமெண்டு லாரிப் புழுதியில் நின்று முழங்காலை மடக்கிப் பார்த்தேன். வலி இல்லை. நீட்டினேன். இல்லை. ஆண்டிமடம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அங்கே மனைவி, தன் பிறந்த வீட்டு முந்திரிக் காட்டில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உதிர்ந்ததைக் குந்தி எடுத்து, கொட்டையைத் திருகிப் போட வேண்டும். தாழ்ந்த கிளை நிமிரவும் விடாது. நானும் குந்தினேன். மரத்துக்கு மரம் குந்தியபடியே நகர்ந்தேன்.

"என்னங்க, டாக்டர் குந்தச் சொன்னாரா?"

"வலியே இல்ல."

"அந்த ஊசிய வாய்க்கும் போட்டு அனுப்பியிருக்கலாம்."

பொழுது சாயும்போது மரப்பு இறங்கியது. குந்தியவன் எழ முடியவில்லை. கிளையைப் பிடித்துத் தொங்கினேன். அவள் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். முழங்கால் வீங்கிப் பளபளத்தது.

போனில் டாக்டர் திட்டவில்லை. "ஐஸ் வைங்க. கால ஒசத்தி வைங்க. காய்ச்சல் அடிச்சா ஒடனே வாங்க."

"ஊசி வீணாப் போச்சுங்களா?"

"இப்ப சொல்ல முடியாது சார்."

வலியைவிட அந்தப் பதில்தான் உள்ளே குடைந்தது.

மறுநாளிலிருந்து மரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்கு ஒன்று. பழம் கூடையில் வந்தது. கொட்டை திருகினேன். இடையிடையே, அறுவைக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தபடி, தொடையை இறுக்கித் தளர்த்தினேன். பழச்சாறு விரலில் ஒட்டியது. பொழுது நகரவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், நாற்காலி வரைக்கும் நடந்து வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: வலி என்னோடு வரவில்லை. மரப்பு எப்போதோ போய்விட்டது. இது மருந்துதான்.

கால்மாட்டில் ஒரு சிவந்த பழம் கிடந்தது. முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க ஒண்ணு கெடக்குது பாரு," என்றேன் அவளிடம். "எடுத்துக் குடு."